டிக் என்றால் தப்பு

அந்தப் பெண் நீட்டிய விடைத்தாளைப் பார்த்ததும் என் வாயில் வந்தது, "வெரி குட்!" சிவப்பு மையில் பளிச்சென்று ஒரு டிக் இருந்தது. அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஜப்பானில் வட்டம் போட்டால் சரி, டிக் போட்டால் தப்பு. அங்கே துணை ஆங்கில ஆசிரியனாக ஆகஸ்டில் வந்து இறங்கியவனுக்கு அக்டோபரில் இது தெரியாமல் இல்லை. ஆனால் பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருஷம் டிக்குக்காக ஏங்கிய கண், மூளையைக் கேட்டுக்கொண்டா பார்க்கும்?

மாணவர்களே பள்ளியைச் சுத்தம் செய்யும் நேரம் அது. அவள் கையில் ஈரத்துணி, என் கையில் துடைப்பம். தாளை நான்காக மடித்துப் பாவாடைப் பைக்குள் வைத்திருந்தாள். 'நாளை பாட்டியைப் பார்க்கப் போகிறேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அவள் எழுதியிருந்தது, 'ஐ ஆம் விசிட்டிங் மை கிராண்ட்மதர் டுமாரோ.' பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்தது 'ஐ ஆம் கோயிங் டு விசிட்'. மூன்று மார்க் போயிருந்தது.

"சென்செய், கோரே, தமே தெசு கா?" இது தப்பா சார் என்கிறாள்.

தப்பே இல்லை. அதைவிட, அவள் அதை எங்கே பிடித்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கு நான் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போவேன். மற்ற நாட்களில் வேறு பள்ளிகள். செவ்வாய்க்கிழமை வகுப்பை விட்டுக் கிளம்பும்போது 'ஐ ஆம் கமிங் ஆன் ஃப்ரைடே' என்பேன். 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வராத வாய் இது. ஜப்பானியர்களும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தெகிமாசு' என்பார்கள். அப்படியே நம் 'போயிட்டு வர்றேன்'தான். அதனாலோ என்னவோ, பிள்ளைகளுக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஒரு குழந்தை காதால் பிடித்து, தானாகவே பரீட்சையில் எழுதியிருக்கிறது. நான் குதித்திருக்கவேண்டும்.

நான் சொன்னது: "ஆங்கிலத்தில் சரிதான். ஆனால் பரீட்சையில்... ச்சொத்தோ..."

'ச்சொத்தோ' என்றால் 'கொஞ்சம்'. அதற்கு மேல் பேசாமல் நிறுத்திவிட்டால், முடியாது, வேண்டாம், மேலே கேட்காதே என்று பொருள். அந்த ஊரில் நான் தப்பில்லாமல் பயன்படுத்திய முதல் ஜப்பானியச் சொல் அதுவாகத்தான் இருக்கும். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "வகாரிமாஷ்தா", புரிந்தது, என்று தலை குனிந்துவிட்டுத் தரையைத் துடைக்கப் போய்விட்டாள். மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

நான் வேறென்ன செய்திருக்க முடியும்? எங்களைப் போன்ற வெளிநாட்டவரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் ஜெட் திட்டம் 1987இல் தொடங்கிய நாள் முதல் எங்கள் பதவியின் பெயரிலேயே 'துணை' இருக்கிறது. ஜப்பானிய ஆசிரியர் உரிமம் எனக்குக் கிடையாது. வகுப்புக்கும் மார்க்குக்கும் பொறுப்பு அங்கிருந்த ஜப்பானிய ஆங்கில ஆசிரியர். வந்த புதிதில் என்னை நகராட்சி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் தன் காரில் கூட்டிப்போனவர், பழைய ரைஸ் குக்கர் தந்தவர். நான் நாலே காலுக்குக் கிளம்புவேன். அவர் வாலிபால் பயிற்சியை முடித்துவிட்டு வந்து அதற்கு மேல் விடைத்தாள் திருத்துவார். ஒரு பிள்ளைக்கு மூன்று மார்க் கொடுத்தால் எல்லாத் தாளையும் திரும்ப எடுக்கவேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யோசிக்கவெல்லாம் இல்லை. துடைப்பத்தோடு நின்ற அந்தக் கணத்தில் மனதில் ஓடியது வேறு. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங்' என்று எதற்கெடுத்தாலும் 'இங்' ஒட்டிப் பேசுகிறவர்கள் இந்தியர்கள் என்று கேலி கேட்டு வளர்ந்தவன் நான். இவள் எழுதியதும் என் ஊர் ஆங்கிலம்தானோ? பெரிதாகப் பேசப்போய் நாளைக்கு ஆசிரியர் அறையில் என் ஆங்கிலமே கேள்விக்கு ஆளானால்? ராத்திரி இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏற்கெனவே முடிவான ஏற்பாட்டைச் சொல்ல அந்த வடிவம் சரிதான், லண்டன்காரரும் அப்படித்தான் சொல்வார் என்றிருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். வெள்ளிக்கிழமை அவரிடம் பேசுவதாக இருந்தேன். அன்று அவர் சளியோடு மாஸ்க் போட்டு வந்திருந்தார். அதற்கடுத்த வாரம் ஊரில் காகுரா என்னும் கோயில் கூத்துத் திருவிழா. விடிய விடிய ஆட்டம். அப்புறம் பேச்சே எழவில்லை.

ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டித்தேன். சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகள் கொஞ்சம் பிடிபட்ட பிறகு அவருடைய கேள்வித்தாள்களை நானே வாசிக்க முடிந்தது. மொழிபெயர்க்கச் சொல்லும் கேள்விகளின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'இந்தப் பாடத்தில் படித்த வடிவத்தைப் பயன்படுத்தி'. எல்லாத் தாளிலும் இருந்தது. அப்படியானால் அந்த டிக் நியாயம்தான். நான் மட்டும்தான் கேள்வியையே வாசிக்கத் தெரியாமல் மனதுக்குள் அவருக்கு மார்க் போட்டிருக்கிறேன். அந்த அக்டோபர் தாளிலும் அந்த வரி இருந்ததா? நினைவைக் கசக்கிப் பார்க்கிறேன். சிவப்பு டிக் தெரிகிறது, நான்கு மடிப்பும் தெரிகிறது. அச்செழுத்து தெரியவில்லை. இருந்திருந்தால் நான் சொன்ன 'ச்சொத்தோ' சரியான பதில், அதுவும் தற்செயலாக. இல்லாமல் இருந்திருந்தால்?

ஊரோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டேன் என்று வீட்டுக்கு எழுதியது அந்த மாதத்தில்தான். ஆசிரியர் அறையில் என்னோடு சகஜமாகப் பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மார்ச்சில் அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள். விழா முடிந்ததும் வாசலில் பெற்றோரோடு நின்றவள் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். மேல் படிப்புக்கு எங்கே என்று கேட்டேன். "ஐ ஆம் கோயிங் டு லிவ் இன் ஹமாதா. ஐ ஆம் கோயிங் டு ஸ்டடி இங்கிலீஷ்." ஒரு 'கோயிங் டு'வைக்கூட விடவில்லை. "வெரி குட்" என்றேன்.