கதவுக்குக் கீழே கொப்புளம்: பழைய காரில் துரு வேலை பார்த்த கதை

பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து இறங்கும் தகடு கதவுக்குக் கீழே வந்து முடியும் இடத்தில், பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. மிளகு அளவில் சில கொப்புளங்கள். காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இன்ஜினில் குறை சொல்ல எதுவும் இல்லை. "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு டச்சப் அடிச்சு விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்லடி பட்டோ கீறல் விழுந்தோ துரு ஏறினால், அந்தக் கீறலைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை தெரியும். கீறலே இல்லாமல் பெயிண்ட் உப்பினால், துரு தகட்டின் பின்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் துருவுக்கு வேண்டும். அதுதான் பெயிண்டை முட்டித் தூக்குகிறது. நாம் பார்க்கும் கொப்புளம் அது வந்து சேர்ந்த இடம். புறப்பட்ட இடம் உள்ளே இருக்கிறது.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும். கொப்புளத்துக்குப் பக்கத்தில் சத்தமே செத்துப்போயிருந்தது. முனையை வைத்துச் சும்மா அழுத்தினேன். பொருக்கு உதிர்ந்து முனை உள்ளே போய்விட்டது. துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை அந்தப் பகுதி முழுக்க நகர்த்தினால், உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் பிடிப்பே இல்லாமல் நழுவியது. அங்கே பெயிண்டுக்கு அடியில் தகடு இல்லை, பள்ளம் நிரப்பப் பூசும் பட்டிதான் இருக்கிறது. எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் காலத்தில் யாரோ ஓட்டையைப் பட்டி போட்டு மூடி, பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்வது நல்லது. பெயிண்ட் கீறாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

சில பட்டறைகளில் காட்டினேன். ஒன்றில், வண்டியை விட்டு நான் இறங்குவதற்குள்ளேயே, "அரை நாள் வேலை சார், பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடறேன்" என்றார்கள். கடைசியாகப் பார்த்த, தகட்டு வேலை செய்யும் டிங்கர் அண்ணன் மட்டும்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஓட்டை இருக்கட்டும் சார். தண்ணி எங்கேருந்து வருது, ஏன் வெளிய போகல, அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். வேலையை அவரிடமே கொடுத்தேன். வெட்டு, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் அவர் பொறுப்பு. கழற்றுவது, தேய்ப்பது, உள்ளே துரு தடுக்கும் மெழுகு அடிப்பது என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம்.

காருக்குள் மழைத்தண்ணீர் போவது சகஜம். கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் எவ்வளவு நல்ல ரப்பர் இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காகவே கதவின் அடி மடிப்பில் துளைகள் விட்டிருக்கிறார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கும் வடிகால் உண்டு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு உள்ளே கூடாக இருக்கும் பெட்டி; அதன் அடியிலும் துளைகள் உண்டு. மண்ணும் இலைச் சருகும் சேர்ந்து இவற்றை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஈரமும் காற்றும் போதும், இரும்பு துருவாகிவிடும். உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடலோரத்தில் ஓடும் வண்டிகளும், பனிக்கு உப்புத் தூவும் சாலைகளில் ஓடும் வண்டிகளும் சீக்கிரம் அரித்துப் போவது இதனால்தான்.

என் வண்டியில் ரன்னிங் போர்டு துளைகளை அடைத்திருந்தது மண் மட்டும் இல்லை. துரு வராமல் இருப்பதற்கென்று அடியில் அடிப்பார்களே, கறுப்பு ரப்பர் கோட்டிங், அதை யாரோ துளைகளின் மேலேயே தாராளமாக அடித்திருந்தார்கள். அண்ணன் ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குடைந்தார். முதலில் களிமண் மாதிரி ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. இந்த ரப்பர் கோட்டிங் சுத்தமான தகட்டின் மேல் நல்ல பொருள்தான். ஏற்கெனவே துரு இருக்கும் தகட்டின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். வெளியே கறுப்பாக, அழகாக இருக்கும். நகத்தால் நெம்பினால் தகட்டோடு பிய்ந்து வரும்.

தண்ணீர் மேலிருந்து வரும் வழியைக் கண்டுபிடிக்க ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். எடுத்ததுமே கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒழுகும், எது மூலம் என்று தெரியாது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, அடியில் இருந்த பஞ்சை அழுத்தினால் தண்ணீர் வந்தது. முன்கண்ணாடி ரப்பரின் ஒரு மூலை விட்டிருந்தது. ஃப்ளோர் தகடு நல்ல வேளையாக மேல்துருவோடு தப்பித்திருந்தது.

பிறகுதான் வெட்டு. வெளியே விரல் நுழையும் ஓட்டை என்றால் உள்ளே கை அகலம் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தகடு முழுக் கனத்தோடு வெள்ளையாகப் பளிச்சிடும் இடம் வரைக்கும் வெட்டிக்கொண்டே போனார் அண்ணன். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ரன்னிங் போர்டு அலங்காரத் தகடு இல்லை. அடியில் தனிச் சட்டம் (சேஸி) இல்லாத கார்களில் பாடியே சட்டம். ரன்னிங் போர்டு அதன் முதுகெலும்பில் ஒரு பங்கு. ஜாக்கி வைக்கும் இடமும் அங்கேதான். நீளத்துக்கும் ஒரே மூச்சில் வெட்டினால் நடுவில் தொய்ந்து, கதவு சேராமல் போய்விடும். அதனால் வண்டியைச் சமமாக ஸ்டாண்டுகளில் ஏற்றி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளை முன்னதாக அளந்து எழுதிவைத்து, ஒரு துண்டு வெட்டி, அதை அடைத்த பிறகே அடுத்த துண்டுக்குப் போனார். பற்றவைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். சீட், கம்பளம், பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டோம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெல்டிங் முடிந்த பின்னும் கொஞ்ச நேரம் யாராவது அங்கேயே இருக்க வேண்டும். புகைவது உடனே தெரியாது.

அட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்து 0.9 மில்லிமீட்டர் தகட்டில் ஒட்டுத்துண்டு தயாரானது. மூலைகளை வட்டமாக வெட்டினார். கூர் மூலையில் விரிசல் விடும். துண்டை ஓட்டையின் மேல் சார்த்திப் பற்றவைப்பது சுலபம். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு உண்டாகி அதில் மறுபடி ஈரம் நிற்கும். அதனால் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார். மேலே சார்த்தியே ஆக வேண்டிய ஓரிரு இடங்களில், வெல்டிங் சூட்டைத் தாங்கும் துத்தநாகப் பிரைமரை இரண்டு தகட்டின் உள்முகத்திலும் அடித்தார். கம்பியே உருகி ஒட்டும் மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி. இங்கே ஒரு பொட்டு, அந்தக் கடைசியில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று, கை வைத்தால் சூடு பொறுக்கும் வரை நிறுத்தம், மறுபடி. ஒரே கோடாக இழுத்துவிட்டால் மெல்லிய தகடு சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும், அப்புறம் அதை மறைக்கப் பட்டியை அடுக்கடுக்காக அப்ப வேண்டும்.

வெட்டத் தேவையில்லாத, குழி விழுந்த இடங்கள் என் கைக்கு வந்தன. கம்பி பிரஷ்ஷால் பொருக்கு முழுவதும் போகும் வரை தேய்த்து, குழிகளுக்குள் மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினேன். அதில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். மிச்சத் துருவோடு வினை புரிந்து கறுப்பான, அசையாத ஒரு படலமாக மாற்றும். "துருவின் மேல் அப்படியே தடவலாம்" என்று டப்பாவில் போட்டிருப்பதை முழுசாக நம்ப வேண்டாம். பொருக்கு தடிப்பாக இருந்தால் மேல்தோல் மட்டும் கறுத்து, அடியில் பழைய கதை தொடரும்.

வெறும் தகட்டைக் காத்திருக்க வைக்கவே கூடாது. ஈரக்காற்று அடிக்கும் நாளில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். விரல் ரேகை பட்ட இடம் அதற்கும் முன்னால். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவத்தால் துடைத்து, அன்றைக்கே தண்ணீரை உள்ளே விடாத எபாக்ஸி பிரைமர் அடித்துவிட்டோம். சாதாரண பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். அதை அடித்துவிட்டு "பிரைமர்தான் போட்டாச்சே" என்று வண்டியை மழையில் நிறுத்துவது, துருவுக்கு விருந்து வைப்பதுதான். பட்டியும் அப்படித்தான், ஈரம் குடிக்கும். அதனால் எபாக்ஸி மேல் பட்டி போடச் சொன்னேன். நேராகத் தகட்டில் போடுவதும் வழக்கத்தில் இருக்கிறது, அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். துரு வந்த இடம் என்பதால் எனக்கு எபாக்ஸி முதலில் வேண்டும் என்று இருந்தது. பட்டியைத் தண்ணீர் தொடாமல் உலர்வாகவே தேய்த்தேன்: முதலில் 80-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 180, அப்புறம் 320. மேலே கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூசி போல ஊதிவிட்டுத் தேய்த்தால் பள்ளத்தில் கறுப்பு தங்கிக் காட்டிக்கொடுக்கும். கண்ணைவிட அது நேர்மையானது.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வண்டியில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டை வைத்துக் கலந்தது புது வண்டியின் நிறம். என்னுடையது வெயிலில் வெளுத்த நிறம். அட்டையில் அடித்துக் காயவைத்து, வெயிலில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத் திருத்தினார். பக்கத்துக் கதவு வரைக்கும் நிறத்தை மெல்லக் கரைத்து, நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டை முழு பேனலுக்கும் அடித்ததில் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. ஹார்டனர் கலந்த இவ்வகைப் பெயிண்டுகளில் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரலைக் கெடுக்கும் அதைத் தூசி மாஸ்க் தடுக்காது. வீட்டு வாசலில் வைத்து அடிக்கும் ஆசை எனக்கு இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவும் செய்துவிட்டு இதை விட்டால் எல்லாம் வீண்: உள்பக்கம். வெல்டிங் சூட்டில் தகட்டின் பின்பக்கத்துப் பெயிண்ட் எரிந்து போயிருக்கும்; அங்கே பிரஷ் எட்டாது. நீளக் குழாயின் நுனியில் எல்லாப் பக்கமும் தெளிக்கும் மூக்கு வைத்து, துளை வழியாக விட்டு, மெழுகை அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். அது ஊர்ந்து போய் மடிப்புகளில் இறங்கும். வெயில் நாளில் நன்றாக ஓடும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் இது, மெழுகு தீப்பிடிக்கும். வடிகால் துளைகளிலிருந்து மெழுகு சொட்ட ஆரம்பித்தபோதுதான் உள்ளே கடைசி வரை போயிருக்கிறது என்று நம்பினேன். சொட்டு நின்றதும் ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டு மறுபடி திறந்தேன். மெழுகே அடைத்துக்கொண்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

இப்போது மழை நின்றதும் கதவின் அடியில் கை வைத்துப் பார்க்கிறேன், தண்ணீர் சொட்டுகிறது. முன்கண்ணாடிக்கு ரப்பர் மாற்றியாயிற்று. டிக்கிக் கதவின் கீழ் மடிப்பில் நூல் போல ஒரு கோடு பழுப்பாகத் தெரிகிறது. காந்தம் அங்கே ஒட்டுகிறது, ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும்.