பச்சைத் திரையும் பழைய மடிக்கணினியும்

ஒரு வாரமாக என் மடிக்கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன். 4கே காட்சியை ஓடவிட்டால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் மூச்சு வாங்கியது. பிறகுதான் கேடென்லைவ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் ‘ப்ராக்ஸி’ வசதி இருப்பது கண்ணில் பட்டது. சிறிய நகலை வைத்து வெட்டி ஒட்டலாம். இறுதி ரெண்டருக்கு மூலக் கோப்பே பயன்படும். பாவம், கணினி மேல் தவறில்லை.

ஷாட்கட் என்ற இன்னொரு தொகுப்பு மென்பொருளும் நல்லதுதான். இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே காணொளி எந்திரம்.

படமெடுக்கும்போது பின்னால் கட்டிய பச்சைத் திரையை நீக்க மட்டும் பிளெண்டர் மென்பொருளுக்குப் போய்விடுவேன். முப்பரிமாணத்துக்கானது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உள்ளே, ‘நோடு’ எனும் கட்டங்களை இணைத்துக் காட்சிகளைக் கலக்கும் முழு கம்பாசிட்டரே இருக்கிறது. 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி விடுவிக்கப்பட்டது பிளெண்டரின் மூல நிரல்! பச்சை நிறத்தை நீக்கும் அதன் கீயிங் நோடு பின்னணியை அழகாக உரித்துவிடுகிறது. தலைமுடி ஓரத்துப் பச்சைக் கசிவோடுதான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.