கரிச்சானுக்கு எட்டு

மே 28, 2024, செவ்வாய்

அக்கா மகள் குட்டிக்கு ஆட்டத்தில் ஒரு நாய் வேண்டுமாம். மற்றதெல்லாம் அப்புறம்தானாம்.

மே 29, புதன்

ஆட்டத்துக்கு நேரம் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மாலை 6:30. டொராண்டோவில் அப்போது காலை 9, சிங்கப்பூரில் இரவு 9. அண்ணன் மகனுக்கு 14 வயது. சிங்கப்பூர்க்காரிக்கு 12. கீழ் வீட்டுப் பையனுக்கு 10. குட்டிக்கு 9. இணையத்தில் கூடிப் பேசுகிற டிஸ்கார்டில் சேர 13 ஆகியிருக்க வேண்டும் என்பதால் சாதாரண வீடியோ கால் போதும் என்று விட்டுவிட்டேன். பழைய போனை ஸ்டூல் விளிம்பில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, தரையில் விரித்த சார்ட்டைப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன். சார்ட்டில் நான் வரைவது மூன்று ஊரிலும் தெரிகிறது.

விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நடத்துவது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் கொண்டுவந்த ஆட்டம். போன வருஷம் ஜனவரியில் இதன் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அதனால் நான் தமிழில் எழுதிப் பிரிண்ட் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பதினோரு பக்கம் எழுதிவிட்டேன். இரவில் தூக்கம் வராததற்கு இந்த வேலை தோதாக இருக்கிறது.

மே 30, வியாழன்

டொராண்டோவில் ஏழு பகடையும் இருக்கிறது. சிங்கப்பூர் போனில் உருட்டும். எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. இருபதுமுகப் பகடைக்குப் பதிலாகக் குட்டி நோட்டுத் தாளைக் கிழித்து 1 முதல் 20 வரை எழுதி, மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். எடுத்த சீட்டை உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்ததன் கணக்கு மாறிவிடும் என்று சொன்னேன். தலையாட்டினாள். அவள் கையெழுத்தில் 7-உம் 1-உம் ஒரே மாதிரி இருக்கின்றன. 7-க்கு நடுவில் கோடு போடச் சொன்னேன்.

மே 31, வெள்ளி

0-ஆம் நாள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஸ்டெம் செல் ஏற்றிவிட்டார்கள். பை ரொம்பச் சின்னதாக இருந்தது என்றார் மாமா. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம். அறை முழுக்கப் பூண்டு வாசனையாம்.

ஜூன் 1, சனி

இன்று ஆட்டம் இல்லை, ஆளை உருவாக்குவது மட்டும். ஆறு திறமைக்கும் பகடை உருட்டலாம். நான் வேண்டாம் என்றேன். ஒருத்திக்கு 17-உம் இன்னொருத்தனுக்கு 6-உம் வந்துவிட்டால் முதல் நாளே மனசு விட்டுப்போகும். எல்லாருக்கும் 15, 14, 13, 12, 10, 8. எதை எங்கே வைப்பது என்பது அவரவர் இஷ்டம்.

டொராண்டோ வாள்வீரன், பெயர் மாறன், 12 உயிர்ப் புள்ளி. சிங்கப்பூர் மந்திரக்காரி ஐயை, வெறும் 7. கீழ் வீட்டுப் பையன் கள்ளன், 9, இன்னும் பெயர் வைக்கவில்லை. குட்டி வேட்டுவச்சி, வெண்ணி. நாலு பேரும் ஒரே ஊர், பதினைந்து வயது தாண்டாத மாடு மேய்க்கிற பிள்ளைகள். இதற்கு முன் யாரும் சண்டை போட்டதில்லை.

கதையில் என்ன வரக்கூடாது என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஆரம்பிக்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும், பிள்ளைகள் என்றால் இன்னும் கட்டாயம். சிங்கப்பூர்: பாம்பு. கள்ளன்: பேய் வரலாம், ஆனால் இருட்டில் தனியாக விடக்கூடாது. மாறன் யோசித்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். குட்டி சொன்னது: ஆஸ்பத்திரி.

நாய் சாகலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாயில் வரவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

குகை, புதையல் எல்லாம் வேண்டாம். ஆநிரை கவர்தல்தான் முதல் கதை. மலையிலிருந்து குறும்பூதங்கள் இறங்கி வந்து ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகின்றன. பெரியவர்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருக்கிற ராத்திரி. மீட்கப் போக ஊரில் இந்த நாலு பேர்தான் மிச்சம். மாட்டைக் கவர்ந்தால் வெட்சி சூடுவார்கள், மீட்கப் போனால் கரந்தை என்று எழுதி அனுப்பினேன். கள்ளன் மாடிப்படி ஏறி வந்து கேட்டான்: "ஆன்ட்டி, நாம வெட்சிப் பக்கம் போகலாமா?" டொராண்டோவிலிருந்து குரல்செய்தி: "அத்தை, மாடு ஏன் அவ்வளவு முக்கியம்?" மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு என்று பதில் போட்டேன். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

2006-இல் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் தமிழ் பிராமியில், மாடு கவர்தலைச் சொல்லும் ஆகோள் என்ற சொல்லே இருக்கிறது. மாட்டுக்காகச் செத்தவனுக்கு நட்ட கல். அக்காவும் நானும் எத்தனை தடவை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறோம்.

ஜூன் 3, திங்கள்

நாய்க்குக் கரிச்சான் என்று பெயர் வைத்துவிட்டாள். கறுப்பு, வால் நீளம். கரிச்சான் குருவி பருந்தையே துரத்தும் என்று அக்கா எப்போதோ சொல்லிக்கொடுத்ததாம்.

விதிப்படி வேட்டுவச்சிக்குத் துணை விலங்கு மூன்றாம் லெவலில்தான். 900 அனுபவப் புள்ளி சேர வேண்டும். வாரம் ஒரு நாள் ஆட்டத்தில் அதற்கு எத்தனை மாதம்? அவளால் அவ்வளவு காத்திருக்க முடியாது, நானும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பொருள் பட்டியலில் 25 பொன்னுக்கு ஒரு காவல் நாய் இருக்கிறது, அதையே கொடுத்துவிட்டேன். அதற்கு உயிர்ப் புள்ளி 5. தற்காப்பு 12.

குறும்பூதத்துக்கு, விதியில் உள்ள கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். அது வெட்ட வந்தால் பகடையோடு 4 கூட்ட வேண்டும், ஆக இருபதில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே நாய்மேல் படும். பட்டால் ஆறுமுகப் பகடையோடு 2. இருபதே விழுந்துவிட்டால் ஆறுமுகப் பகடை இரண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வெட்டில் கரிச்சான் விழ நூறில் 45. ஒரு வெட்டில்! முதல் வாரமே, ஒன்பது வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க.

இன்னொன்றும் கவனித்தேன். 5 என்பது சராசரிதான். எட்டுமுகப் பகடையோடு 1 என்பதுதான் உண்மையான அளவு. அதிகபட்சமான 9-ஐக் கொடுத்தால் 45 என்பது 3 ஆகிவிடும். யாருக்கும் தெரியாது. விதியையும் மீறவில்லை. ஆனாலும் பேனாவை வைத்துவிட்டேன். 9 என்று எழுத என் கைக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த வீட்டில் பத்து நாளாக எல்லாரும் அந்தப் பிள்ளையிடம் "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 5, புதன்

அவளையே எடுக்கச் சொன்னேன். எட்டு சீட்டு. 7 வந்தது. கோடு போட்ட 7. ஆக எட்டு. ஒரே வெட்டுக்கு இப்போது நூறில் 14. அவளிடம் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. எட்டு என்று கரியால் பலகையில் எழுதிப் பக்கத்தில் நாய் வரைந்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 6, வியாழன்

வாய்ப்புண். அக்கா இன்று பேசவில்லை. கை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் 7, வெள்ளி

அக்காவின் ரத்தத்தில் தொற்றை எதிர்க்கிற வெள்ளை அணு 100. இதற்குக் கீழே போக இடமில்லை என்றார் மாமா.

ஜூன் 8, சனி

எங்கிருந்து எழுதுவது.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. பட்டி திறந்து கிடக்கிறது, சாணம் சூடாக இருக்கிறது, கன்றுகள் மட்டும் கத்துகின்றன என்று சொன்னதும் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மாறன் தடம் பார்க்கத் தெரியாமல் ஊருக்குள்ளேயே சுற்றினான். வெண்ணி கரிச்சானை மோப்பம் பிடிக்கச் சொன்னாள். காட்டாற்றங்கரையில் நாலு பூதம். ஐயை துயில் மந்திரம் போட்டாள், ஐந்து எட்டுமுகப் பகடை, 19 வந்தது. பூதத்துக்கு ஏழேழு உயிர். இரண்டு தூங்கிவிட்டன, மீதி 5 மூன்றாவதற்குப் போதவில்லை. இரண்டே இரண்டு கூடுதலாக விழுந்திருக்கக் கூடாதா.

கள்ளன் அவசரப்பட்டுப் பாறைமேல் ஏறி இரண்டு அம்பு வாங்கி விழுந்தான். அவன் நிஜமாகவே அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அப்போது குட்டி சொன்னாள்: "கரிச்சான் அவன் பக்கத்துல நிக்கும். யாரையும் கிட்ட விடாது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. விழுந்த வீரன் பக்கத்தில் நின்று திருடனைக் கடித்துக் காவல் காத்த நாயையும் அதே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், கல்வெட்டில் அதற்குப் பெயரும் இருக்கிறது. நான் இதைக் குட்டியிடம் சொன்னதே இல்லை.

கரிச்சான் நின்றது. ஒரு பூதத்தைக் கடித்துக் குதறியது. ஐயை கள்ளனை இழுத்து ரத்தத்தை நிறுத்திவிட்டாள். பிறகு முதல் வெட்டு, 5. அடுத்தது, 4.

விலங்கு 0-க்கு வந்தால் செத்தது என்றுதான் பொது விதி. முக்கியமான பாத்திரம் என்று கதைசொல்லி நினைத்தால் வீரர்களுக்கு உள்ள கடைசி வாய்ப்பைக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. கொடுத்தேன். அவளே டப்பாவில் கை விட்டாள். இருபதில் 10-உம் மேலும் வந்தால் பிழைப்பின் பக்கம். மூன்று தடவை அப்படி வந்தால் மூச்சு நிற்காது. மூன்று தடவை தவறினால் போயிற்று. 1 வந்தால் இரண்டு தவறுக்குச் சமம்.

14. அப்புறம் 6. அப்புறம் 11.

மாறன் பாதித் தமிழில் "வரேன் வரேன், நான் வரேன்" என்று கத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டினான். அந்த நேரம் என் போன் அடித்தது. மாமா. காய்ச்சல், 101.4. வீடியோ காலை நிறுத்திவிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மருந்து மாற்றியிருக்கிறார்கள். 100.8.

குட்டி காலையிலிருந்து ஒரே கேள்வி. "இன்னும் ஒண்ணு எப்ப எடுக்கணும்?" சனிக்கிழமை என்றேன். "அதுவரைக்கும் கரிச்சான் என்ன பண்ணும்?" அப்படியே கிடக்கும் என்றேன். "மழை பெய்யாதுல்ல?" பெய்யாது.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. அவள் போன பிறகு டப்பாவைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். பத்தொன்பது சீட்டு. இரண்டு தடவை எண்ணினேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

1 இல்லை.

கட்டிலுக்கடியில் பார்த்தேன். பெருக்கிக் கொட்டியதிலும் பார்த்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. இருபதில் பதினொன்று 55. பத்தொன்பதில் பதினொன்று 58 கூட இல்லை. அதற்காக எடுத்திருக்க மாட்டாள். எப்போது எடுத்தாள்? சனிக்கிழமைக்கு முன்னாலா, அப்புறமா? முன்னால் என்றால் அந்த 14-உம் 11-உம்? நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். அக்காவுக்கு இன்று 200. காய்ச்சல் இல்லை.

ஜூன் 12, புதன்

அக்காவிடமிருந்து மெசேஜ், பன்னிரண்டு நாளில் முதல் தடவை இவ்வளவு நீளம். குட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல. "நாய் கதை கேட்டேன்டி. அவளுக்காக நீ எதையும் மாத்தாதே. அவளுக்குத் தெரிஞ்சிடும். என்கிட்டயும் யாரும் மாத்திச் சொல்ல வேண்டாம்னு உங்க மாமாகிட்ட சொல்லு."

சீட்டு விஷயத்தை நான் எழுதவில்லை.

ஜூன் 13, வியாழன்

520! 300-ஐத் தாண்டி ஒரேயடியாக. மாமா போனில் அழுதார். தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் ஏற்றின செல் பிடித்துக்கொண்டது என்று சொல்வார்களாம்.

சோற்றை வடிக்காமல் அடுப்பிலேயே விட்டுவிட்டேன். குழைந்துபோனதையே மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஜூன் 14, வெள்ளி

640.

இன்று கேட்டுவிட்டேன். தலை பின்னிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். "குட்டி, 1 எங்கடா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பின்னல் பாதி முடிந்தபோது, "பத்திரமா இருக்கு சித்தி."

"எப்ப எடுத்தே?"

"அம்மா போன அன்னிக்கு."

அப்படியென்றால் டப்பாவில் சீட்டுப் போடுவதற்கு மூன்று நாள் முன்னால். அது எப்படி? அப்போது சீட்டே எழுதவில்லையே. இருபது எழுதினாள் என்று நான்தான் நினைத்துக்கொண்டேனா? 1-உம் 7-உம் ஒரே மாதிரி இருக்கிறது என்று பார்த்துச் சொன்னேனே. இல்லை, அவள் சொல்வது வேறு எந்த நாளையோ. பை ஏற்றின நாளாக இருக்கும். மே 31. அன்றைக்கு அவளை அழைத்துப் போகவில்லை என்று சாப்பிடாமல் இருந்தாள்.

நான் மேலே கேட்கவில்லை. ரிப்பன் கட்டிவிட்டேன்.

ஜூன் 15, சனி

ரிப்போர்ட் தினமும் பதினொரு மணிக்கு வந்துவிடும். இன்று வரவில்லை. மாமா போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை, லேபில் ஆள் குறைவாக இருக்கும்.

மூன்று மணி. இல்லை.

மாலை 6:10. அக்கா தானும் வீடியோ காலில் வருவதாக மெசேஜ் போட்டிருக்கிறாள், மைக்கை அணைத்துவிட்டுப் பார்க்க மட்டும். எண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

6:25. டொராண்டோ வந்துவிட்டான். பால் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறான். கள்ளன் தன் பெயர் கரந்தை என்று அறிவித்துவிட்டான். குட்டி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சார்ட்டில் கரிச்சான் கிடக்கிற இடத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாள். நான் மத்தியானமே ஒரு தாளைக் கிழித்து 1 எழுதி மடித்துவிட்டேன். உள்ளங்கையில் இருக்கிறது, வியர்வையில் ஈரமாகிவிட்டது. அவள் இப்போது என் கையையே பார்க்கிறாள். பென்சில் டப்பாவைத் திறக்கிறாள்.