எந்த ஊர் அழுத்தம்?

செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று தரையிலிருந்து கணக்கிடும் மென்பொருள்தான் என் வேலை. அலுவலகம் சென்னை கிண்டியில். சிக்னல் வந்துசேர ஆகும் நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். ஆனால் நடுவில் காற்று இருக்கிறதே! கடல் மட்டத்தில், தலைக்கு நேர் மேலே பார்த்தால் உலர்ந்த காற்று மட்டுமே தூரத்தைச் சுமார் 2.3 மீட்டர் கூட்டிக் காட்டும். அடிவானத்துக்கு மேல் 5 டிகிரியில் பார்த்தால் அது ஏறக்குறைய பத்து மடங்கு.

மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருக்கும் அயனி மண்டலத்தின் தாமதம் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும். இரண்டு அதிர்வெண்களில் அளந்தால் அதைக் கழித்துவிடலாம். கீழே இருக்கும் காற்று அப்படியில்லை, எல்லாவற்றையும் ஒரே அளவு தாமதிக்கும். அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் வைத்துத்தான் திருத்த வேண்டும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் 2.3 மில்லிமீட்டர்தான் தவறும். இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

எங்கள் மொட்டைமாடி ரிசீவரில் மாதக்கணக்கில் சோதித்த நிரல் அது. ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு நிலையத்தின் தரவு வந்தது. அளந்த தூரத்துக்கும் கணக்கிட்ட தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரைந்தால், நடுவில் சமமாகப் போய், செயற்கைக்கோள் அடிவானத்தருகே இருக்கும் இரண்டு ஓரத்திலும் சரிந்தது, கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி. கடிகாரம், கேபிள், ஆன்டெனா என்று மூன்று நாள் தேடினேன்.

மூத்த பொறியாளர் ஒருவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு சரியுதுன்னா கடிகாரம் இல்லப்பா, காத்து. சரி, இது எந்த ஊர் அழுத்தம்?"

கோப்பைத் திறந்தேன். 1012 என்று இருந்தது. அந்த உயரத்தில் 910 அளவில்தான் இருக்க முடியும். ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக வானிலை அறிக்கையில் அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் தருவார்கள். அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். நேர் மேலே 23 சென்டிமீட்டர், 10 டிகிரியில் 1.3 மீட்டர் அதிகமாகத் திருத்தியிருக்கிறேன். சென்னை மொட்டைமாடியில் இரண்டு அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. எங்கள் ஊரே என் தவற்றை மறைத்து வைத்திருந்தது.

நிலையத்திலேயே அளந்த அழுத்தத்தைக் கொடுத்ததும் ஓரங்கள் நிமிர்ந்தன. அந்தக் கோடு நேரானதைப் பார்த்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

ஈரப்பதம் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. வெயில் காலத்தில் மதியம் கடற்காற்று நுழைந்ததும் தரையில் ஈரம் சட்டென்று ஏறும். மேலே காற்று அப்படியே இருக்கும். தரை அளவை நம்பும் சூத்திரமோ வானம் முழுக்க ஈரமாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. மீனம்பாக்கத்தில் விடும் வானிலை பலூன் மேல்காற்றை அளந்து சொல்லும், ஆனால் காலை 5.30, மாலை 5.30 கணக்குக்குத்தான். கடற்காற்று வருவது நடுவில். அதனால் மாடியில் இருக்கும் ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்தே ஈரத்தின் தாமதத்தைக் கணித்து, மே மாதத்து மதியங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.