செலஸ்ட், தங்க ஸ்ட்ராபெரி: முதல் அத்தியாயம் முடிந்தது

ஒருவழியாக முதல் அத்தியாயத்தின் தங்க ஸ்ட்ராபெரி கிடைத்துவிட்டது. கேம் தெரியாதவர்களுக்கு: செலஸ்ட் 2018-இல் வந்தது. மேடலின் என்ற பெண் மலையேறுகிறாள். முள்ளில் பட்டால் சாவு, பள்ளத்தில் விழுந்தால் சாவு. ஆனால் கண் இமைப்பதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் மறுபடி நிற்பாள். சாகச் சாகக் கற்றுக்கொள்கிறாய், அந்த எண்ணிக்கையை நினைத்துப் பெருமைப்படு என்று கேமே தைரியம் சொல்லும்.

தங்க ஸ்ட்ராபெரி அந்தச் சலுகையைப் பறித்துவிடுகிறது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் அதை எடுத்துக்கொண்டு, ஒரு தடவைகூடச் சாகாமல் கடைசிவரை போக வேண்டும். நடுவில் செத்தால் பழையபடி முதல் திரை.

திரைகள் அதேதான், பட்டன்களும் அதேதான். மனசு மட்டும் வேறு மாதிரி வேலை செய்கிறது. மேடலினின் தலைமுடி சிவப்பாக இருந்தால் டேஷ், அதாவது சட்டென்று ஒரு திசையில் பாயும் வித்தை, மிச்சம் இருக்கிறது, நீலமானால் தீர்ந்துவிட்டது. தரையில் கால் பட்டதும் மறுபடி சிவப்பு. சாதாரணமாக ஆடும்போது அதை நான் கவனிப்பதே இல்லை, விரலுக்கே தெரியும். ஸ்ட்ராபெரி பின்னால் மிதந்து வரும்போதோ, கண் முடியைச் சரிபார்க்கப் போய்விடும். அந்த நொடியில் கட்டைவிரல் பிந்திவிடும். இத்தனைக்கும் விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃபிரேம்கள், அதாவது நொடியின் சின்னத் துணுக்கு, வரை குதிக்க விடுகிற தாராளமான கேம் இது.

பயிற்சியையும் மாற்றிப் பார்த்தேன். கஷ்டமான ஒரே திரையைத் திரும்பத் திரும்ப ஆடினால் சீக்கிரமே சரளமாகிவிடும். ஆனால் முழு ஓட்டத்தில் அதே திரை வரும்போது கை தடுமாறும். இதற்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. 1979-இல் ஷே, மார்கன் இருவரும் மூன்று விதமான கை அசைவுகளைச் சிலருக்கு ஒவ்வொன்றாகவும், சிலருக்குக் கலந்தும் பழக்கினார்கள். பழகும்போது முன்னால் நின்றவர்கள் ஒவ்வொன்றாகப் பழகியவர்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள்.

சரி என்று நானும் கலந்தேன். முதல் அத்தியாயத்தின் கேஸம் பகுதியிலிருந்து கொஞ்சம், அப்புறம் கிராஸிங் பகுதி, திரும்பவும் கேஸம். தவறுகள் கூடின, எரிச்சலும் வந்தது. ஆனால் ஏறி நின்றதும் தண்டவாளத்தில் பாயுமே பெரிய கட்டைகள், அவற்றிலிருந்து குதிக்கும் நேரம் எந்த வரிசையில் வந்தாலும் இப்போது கைக்கு வருகிறது. ஸ்ட்ராபெரி கிடைத்த ஓட்டத்தில் ஒவ்வொரு திரையின் தொடக்கத்திலும் நின்று, மூச்சு விட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அடுத்தது இரண்டாம் அத்தியாயம். அங்கே மேடலினின் நிழலுருவம் அவள் போன வழியிலேயே, அவள் செய்ததையே செய்தபடி துரத்தும். நின்று மூச்சு விடும் வேலை நடக்காது. அந்தத் திரைகளை மட்டும் இந்த வாரம் கலந்து ஆடிப் பார்க்கப்போகிறேன்.