காட்டுக்காணிக்கு ஒரு பலகை, பிறகு ஓர் உடன்படிக்கை

மெல்பேர்ணுக்கு வெளியே காணி வாங்கும் எங்கள் ஆட்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். வாங்கியதில் பாதி பற்றைக்காடாக இருந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். காசல்மெயின் பக்கம் எங்களுக்கிருக்கும் நாற்பது ஏக்கரை, தனியார் காணியில் காட்டுயிர்களைக் காக்கும் 'லாண்ட் ஃபோர் வைல்ட்லைஃப்' திட்டத்தில் பதிந்து, அங்கிருந்து காட்டை நிரந்தரமாகக் காக்கும் 'ட்ரஸ்ட் ஃபோர் நேச்சர்' உடன்படிக்கை வரை போனதை அதனால் இங்கே விபரமாக எழுதிவிடுகிறேன்.

விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் தனியாருடையது. அரச காடுகளை மட்டும் வைத்துக்கொண்டு விலங்குகளைக் காப்பாற்ற முடியாது என்பதால்தான் 1981இல் இந்தத் திட்டம் இங்கே தொடங்கியது. காசு தருவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். அவர்களும் உங்களிடம் ஒரு சதம் கேட்கமாட்டார்கள். சட்டக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, வேண்டாம் என்றால் விலகிவிடலாம். காணியை விற்றால் பதிவும் அதோடு முடிந்தது. கேற்றில் இந்தத் திட்டத்தின் பெயர்ப்பலகை போட்டால் கண்ட ஆட்களும் உள்ளே வருவார்களா என்று மாமி கேட்டார். வரமாட்டார்கள், காணி உங்களுடையதுதான்.

அப்படியென்றால் எதற்குப் பதிவது? என்னைக் கேட்டால், அந்த ஒரு வருகைக்காக. படிவம் அனுப்பிச் சில வாரங்களில் ஓய்வுபெற்ற தன்னார்வலர் ஒருவர் வந்து காணி முழுக்க எங்களோடு நடந்தார். ஒரே அடியில் நாலு தண்டு கிளம்பியிருந்த கிரே பொக்ஸ் மரம் ஒன்றின் முன்னால் நின்றார். 1851இல் தங்கம் கண்டுபிடித்த பிறகு சுரங்கத்துக்கும் விறகுக்குமாக இந்தப் பகுதியையே வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். இப்போது நிற்பதில் பெரும்பகுதி அந்தக் கட்டைகளிலிருந்து துளிர்த்தது. பார்க்க அடர்ந்த காடு, ஆனால் கிழட்டு மரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவுஸ்திரேலியாவில் பொந்து குடைய மரங்கொத்தி கிடையாது. காளானும் கறையானும் உள்ளே தின்று, கிளை முறிந்துதான் பறவைகளும் விலங்குகளும் குடியிருக்கும் பொந்து உண்டாகும். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வேண்டும். பட்டுப்போன பெரிய மரம் என்றாலும் தொடாதீர்கள் என்று அவர் அழுத்திச் சொன்னது அதனால்தான்.

இன்னொரு மரத்தில், படுக்கையாகக் கிடந்த கிளையின்மேல் மண்சட்டி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. வெள்ளைச் சிறகு சஃப் என்ற கறுப்புப் பறவையின் கூடு அது. சேற்றை வாயில் கொண்டுவந்து வரிவரியாகப் பூசியிருந்தது. விளிம்பில் புல் நார்கூடத் தெரிந்தது. குடும்பமே கூடிக் கட்டுமாம்.

அவர் அதிக நேரம் பேசியது ஃபாஸ்கோகேல் பற்றி. ஊர் அணிலைவிடக் கொஞ்சம் பெரிய, போத்தல் கழுவும் தூரிகை போலக் கறுப்பு வால் உள்ள, இரவில் திரியும் பையுடைய பிராணி. இனச்சேர்க்கைக் காலம் முடிந்ததும் ஆண்கள் எல்லாமே செத்துவிடும், ஒன்றுகூட இரண்டாவது வருஷத்தைப் பார்க்காது. பிறகு அந்தக் காட்டில் மிஞ்சுவது வயிற்றுப்பிள்ளைக்காரிகள்தான். ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 40 ஹெக்டேர் காடு தேவை. எங்களிடம் இருப்பது 16. கணக்கு அங்கேயே பிடிபட்டது: பக்கத்துக் காணிக்காரரும் சேராவிட்டால் எங்கள் ஒருவருடைய வேலியால் ஆவது அரைவாசிகூட இல்லை.

பிறகு வந்த அறிக்கையில் செய்யவேண்டியவை கொஞ்சம், செய்யக்கூடாதவை நிறைய. விழுந்த மரத்தைப் பொறுக்கி விறகாக்காதே. வேலியின் மேல் முள்ளுக்கம்பியைக் கழற்றிச் சாதாரணக் கம்பி போடு, இரவில் மரம்விட்டு மரம் தாவிப் பறக்கும் கிளைடர் என்ற பிராணிகள் முள்ளில் மாட்டிச் சாகின்றன. கோர்ஸ், பிளாக்பெரி என்ற முட்பற்றைக் களைகள் இரண்டையும் பரவவிடாதே. ஆட்டை உள்ளே விடாதே. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் "என்ன, துப்புரவாக்காமல் வைச்சிருக்கிறியள்" என்று கேட்டார். கூட்டிப் பெருக்கிய முற்றத்தோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான், கோர்ஸ் பிடுங்குவதைவிடக் கஷ்டம்.

நெருப்பு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். பலகை இருக்கிறது என்பதற்காகக் கோடையில் புல் வெட்டாமல் விட முடியாது. கவுன்சிலில் இருந்து அறிவித்தல் வந்தால் வெட்டத்தான் வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை முதலிலேயே காட்டுக் கணக்கிலிருந்து பிரித்துவிட்டால் குழப்பமில்லை.

உடன்படிக்கை வேறு சங்கதி. 'ட்ரஸ்ட் ஃபோர் நேச்சர்' 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான அமைப்பு. அவர்களோடு செய்யும் உடன்படிக்கை காணி உறுதியிலேயே பதியப்படும். நாளைக்கு யார் வாங்கினாலும் அவரையும் கட்டும். காடு வெட்டுவது, காணியைத் துண்டு போடுவது எல்லாம் அதோடு நின்றுவிடும். ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா கேட்டவுடன் வெடித்தார்: "விசரே உனக்கு? ரெண்டு பிள்ளையள் இருக்குதுகள். நாளைக்குப் பிரிச்சுக் குடுக்க வேண்டாமே?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களுக்குக் காணி என்றால் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதானே. பெறுமதி குறையலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டோம். பெரியவள் சரி என்றாள். சின்னவன் தனக்கு அங்கே ஒரு வீடு கட்டலாமா என்று மட்டும் கேட்டான். அண்ணாவுக்கு இன்னும் முழுமனது இல்லை, அது பரவாயில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பெரும்பாலும் தாள் வேலை. அவர்களின் அலுவலர் வந்து தாவரங்களைக் கணக்கெடுத்தார், வரைபடம் போட்டார், வரைவு அனுப்பினார். அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும். கடன் இருக்கும் காணி என்றால் வங்கியும் சம்மதிக்க வேண்டும். எங்கள் வங்கியில் இது என்னவென்று தெரிந்த ஒருவரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகவே வரைவு கைக்கு வந்த உடனேயே வங்கிக்கு எழுதிவிடுங்கள், கடைசிவரை வைத்திருக்காதீர்கள். சில கவுன்சில்கள் உடன்படிக்கை உள்ள காணிக்கு வரியில் கழிவு தருகின்றன, சில தருவதில்லை. அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

எல்லாவற்றிலும் நேரம் எடுத்துச் செய்யவேண்டியது அந்த வரைபடம். வீட்டுப் பகுதி என்று ஒரு எல்லை கீறுவார்கள், அதற்குள்தான் உங்களுக்குக் கை வீச இடம் இருக்கும். பதிந்த பிறகு அந்தக் கோட்டை நகர்த்துவது லேசில்லை. தண்ணீர்த் தாங்கி, கொட்டகை, வாகனம் திருப்பும் இடம், சின்னவன் கேட்ட வீடு எல்லாவற்றையும் காணியில் முளை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கையெழுத்து வைத்தோம். வீட்டுக்குக் கவுன்சில் அனுமதி தனியாக எடுக்க வேண்டும்.