பிராக்டிக்கலில் கிளட்ச் வந்தால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் டிரேடு இரண்டு வருஷம் படித்தேன். தியரியை ஒப்பேற்றிவிடலாம், கம்ப்யூட்டரில் நாலு விடையில் ஒன்றைத் தட்டினால் போதும். பிராக்டிக்கலில் அந்தப் பருப்பு வேகாது. மாதிரித் தேர்வில் எனக்கு வந்தது கேபிள் கிளட்ச் உள்ள ஒரு பழைய சின்ன கார். "ஏத்தத்துல இழுக்கல, இன்ஜின் மட்டும் கத்துது. என்னன்னு பாரு" என்றார் சார்.

"பிளேட் தேஞ்சு போச்சு சார், கியர் பாக்ஸை இறக்கணும்." சொல்லும்போதே ஸ்பேனர் கைக்கு வந்துவிட்டது.

"பெடலை அழுத்திப் பாத்தியாப்பா?"

"இல்ல சார்."

கையால் அழுத்தினேன். ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலையைத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், துளியும் இல்லை. கேபிளை இறுக்கி வைத்ததே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. ஃப்ரீ பிளே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் பேரிங்) டயாஃப்ரம் ஸ்பிரிங்கை (பிரஷர் பிளேட்டை இறுக்கி வைக்கும் வட்ட ஸ்பிரிங்) அழுத்திக்கொண்டே இருக்கும். டிரைவர் எந்நேரமும் பெடலில் கால் வைத்து ஓட்டுவது போலத்தான். கிளட்ச் பிளேட்டை இன்ஜினின் ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட் முழுசாகப் பிடிக்காது, கிளட்ச் ஸ்லிப் ஆகும், அதாவது வழுக்கும். கேபிள் நட்டைத் தளர்த்தினால் தீர்கிற வேலைக்கு நான் வண்டியையே பிரிக்கப் பார்த்தேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதையே திருப்பிக் கேட்பார்கள்: பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே கூடுமா, குறையுமா? எங்கள் செட்டில் பலர் "கூடும்" என்றோம். கேபிள் வண்டியில் குறையும். பிளேட்டின் மேல் உராயும் பட்டையான லைனிங் மெலிந்தால் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும், ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கை நோக்கி வரும். நட்டில் தளர்த்த இடமே இல்லை, இன்னும் ஸ்லிப் ஆகிறது என்றால் அப்போது பிளேட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்லிப்பை உறுதி செய்ய ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் சுற்றினால் ஸ்லிப். ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகும். முன்னால் யாரும் நிற்கவில்லையா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள், அதற்கும் மார்க் உண்டு.

சத்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். பெடலை மிதித்ததும் கரகரவென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது இருக்கும் சத்தம் மிதித்ததும் நின்றால், கிளட்ச் பிளேட் மாட்டியிருக்கும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங். மிதித்தால் இன்ஜின் இணைப்பு விட்டு ஷாஃப்ட் நின்றுவிடும், சத்தமும் நிற்கும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் சார் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

கியர் கஷ்டப்பட்டு விழுகிறது, ரிவர்ஸ் போட்டால் உரசுகிறது என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. கேபிள் வண்டியில் ஃப்ரீ பிளே அதிகமா பாருங்கள். கேபிளுக்குப் பதில் ஃப்ளூயிட் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில் பெடலை நாலு தடவை மிதித்த பிறகு கியர் சுலபமாக விழுந்தால் லைனில் காற்று இருக்கலாம், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ கசியலாம். முதலில் ஃப்ளூயிட் அளவு. வண்டி எடுக்கும்போது உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், இன்ஜின் மவுண்டிங்கும் தளர்ந்திருக்கலாம். மவுண்டிங் வெளியே தெரிவது, அதை முதலில் பாருங்கள்.

பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிளேட்டில் ஆயில் இருந்தால் பிளேட்டை மட்டும் மாற்றி முடிக்காதீர்கள். ஆயில் கசிந்தது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீலா, கியர் பாக்ஸ் சீலா என்று கண்டுபிடித்து எழுதுங்கள். லைனிங்கைப் பிடிக்கும் ரிவெட் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியர் அளவுகோலின் வால் பக்கம் வைத்து அளந்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மாட்டும்போது இன்புட் ஷாஃப்ட் மாதிரியான டம்மி ஷாஃப்ட் போட்டு பிளேட்டை நடுவில் நிறுத்த மறந்தால் கியர் பாக்ஸ் ஏறவே ஏறாது. எனக்கு ஒரு மதியம் முழுக்க அதில் போனது.